நூற்றறுபது ஏக்கரும் ஒரு குடும்பமும்

தமக்கென ஒரு துண்டுக் காணி வேண்டும், அதை உழுது பயிரிட்டு உண்ண வேண்டும், பின்னர் அதைப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்னும் ஆசை உலகெங்குமுள்ள கமக்காரர் நெஞ்சில் உறைவதொன்று. அந்த ஆசையைச் சட்டமாகவே ஆக்கிய நாடு அமெரிக்கா. 1862ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்றக் காணிச் சட்டம் அடுத்த ஆண்டின் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தலைவராகவோ 21 வயது நிரம்பியவராகவோ உள்ள ஒருவர் சிறு கட்டணம் செலுத்தி 160 ஏக்கர் அரச நிலத்துக்கு உரிமை கோரலாம். அங்கு வீடொன்று கட்டி, ஐந்தாண்டுகள் குடியிருந்து, நிலத்தைப் பண்படுத்திப் பயிர் செய்து, அதற்குச் சாட்சி இருவரையும் கொண்டுவந்து நிறுத்துவாராயின் காணி உறுதி அவர் கைக்கு வரும். மணமாகாத பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும்கூட இவ்வுரிமை இருந்தது. அரசாங்கம் நூற்றறுபது ஏக்கரைப் பந்தயமாக வைக்கிறது. பட்டினி கிடவாமல் ஐந்தாண்டு தாக்குப்பிடித்தால் நமக்கு வெற்றி என்று அக்காலத்துக் குடியேறிகள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அந்த வேடிக்கையில் உண்மையும் இருந்தது.

இப்பந்தயத்தில் இறங்கிய இலட்சக்கணக்கான குடும்பங்களுள் சார்ள்ஸ் இங்கல்ஸ், கரோலைன் என்னும் தம்பதியரின் குடும்பமும் ஒன்று. அவர்களுடைய இரண்டாம் மகள் லோரா, முதுமையில் எழுதிய சிறுவர் நூல்களால் அக்குடும்பத்தின் பெயர் பல நாடுகளிலும் பரவியது. ஆனால் நூல்களிற் காணும் கதை வேறு. காணிப் பதிவேடுகளும் குடிமதிப்பு ஏடுகளும் காட்டும் வரலாறு வேறு. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போதே, அந்தச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பது புலனாகும்.

சார்ள்ஸ் 1836ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தவர். அவருடைய பெற்றோர் நல்ல நிலம் தேடி இலினோய் மாநிலத்துக்கும், அங்கிருந்து விஸ்கொன்சினுக்கும் படிப்படியாக மேற்கு நோக்கி நகர்ந்தவர்கள். கரோலைன் 1839இல் விஸ்கொன்சினிற் பிறந்தவர். அவருக்கு ஆறு வயது நிரம்புமுன்னரே, தந்தையார் மிச்சிகன் ஏரியில் நேர்ந்த கப்பல் விபத்தில் மாண்டார். வறுமையில் வளர்ந்த அப்பெண் கல்வியை விடாது பற்றி, பதினாறு வயதளவில் பள்ளி ஆசிரியையானார். அயலவர்களாக வாழ்ந்த இவ்விரு குடும்பங்களுக்குமிடையே மூன்று திருமணங்கள் நிகழ்ந்தன. அவற்றுள் நடுவே நிகழ்ந்தது, 1860ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாளன்று நடந்த சார்ள்ஸ் - கரோலைன் திருமணமாகும்.

1863இல் சார்ள்ஸும் மைத்துனர் ஹென்றியும் சேர்ந்து விஸ்கொன்சின் மாநிலத்துப் பெப்பின் என்னும் ஊருக்கருகே 160 ஏக்கர் காட்டுநிலத்தை விலைக்கு வாங்கிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். அங்கு கட்டிய மரவீட்டில் 1865இல் மேரியும் 1867இல் லோராவும் பிறந்தனர். காட்டில் வேட்டைக்குக் குறைவில்லை. உறவினரும் அருகில் இருந்தனர். ஆயினும் சார்ள்ஸின் மனம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. மரம் வெட்டிக் கட்டை பிடுங்கியே பாதி வாழ்நாள் கழியும் காட்டைவிட, கலப்பையை நாட்டியதும் பிளந்துகொடுக்கும் புல்வெளி அவரைக் கவர்ந்தது. 1868இல் காணியைத் தவணைக்கு விற்றுவிட்டு, மனைவியையும் இரு குழந்தைகளையும் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். 1869இல் அவர்கள் கன்சாஸ் மாநிலத்தின் தென்பகுதியை அடைந்தனர்.

இவ்விடத்திலேதான் கதையும் வரலாறும் முதன்முதலாக முரண்படுகின்றன. சார்ள்ஸ் வீடு கட்டிய நிலம் உரியவரில்லாத வெறும் நிலமன்று. அது ஓசேஜ் என்னும் பழங்குடி மக்களுக்கு உடன்படிக்கையால் ஒதுக்கப்பட்டிருந்த பூமி. அதில் எவரும் குடியேறச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. ஆயினும், அரசு எப்படியும் இம்மக்களை அகற்றிவிடும், முந்திச் சென்று அமர்ந்தவருக்கே காணி கிடைக்கும் என்னும் நம்பிக்கையில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே நுழைந்தனர். இங்கல்ஸ் குடும்பமும் அவர்களுள் ஒன்று. 1870ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மூன்றாம் மகள் கேரி பிறந்த சில நாட்களில், குடிமதிப்பு அலுவலர் அங்கு வந்தார். இந்நிலம் ஓசேஜ் மக்களுடையது, குடியேறியோருக்கு இதில் உரிமை இல்லை என்னும் பொருளில் அவர் தம் ஏட்டில் எழுதிச் சென்றார்.

அதே ஆண்டிலேயே ஓசேஜ் மக்களைத் தெற்கே அனுப்புவதற்கான சட்டத்தை அமெரிக்கப் பேரவை நிறைவேற்றியது. நெருக்குதல் தாளாத அம்மக்கள் அதற்கு இணங்கித் தம் நிலத்தைக் கைவிட்டு, இன்றைய ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள பகுதிக்குப் பெயர்ந்தனர். விந்தை யாதெனில், அவர்கள் விட்டுச் சென்ற மண் இங்கல்ஸ் குடும்பத்துக்கும் கிட்டவில்லை. பெப்பின் காணியை வாங்கியவர் மீதிப் பணத்தைக் கட்ட இயலாது கைவிரிக்கவே, 1871இல் சார்ள்ஸ் குடும்பத்தோடு திரும்பிச் சென்று பழைய வீட்டை மீண்டும் ஏற்றார். லோராவின் நூலோ, படைவீரர் வந்து வெளியேற்றுவர் என்ற செய்தியாலேயே தந்தையார் வண்டியைப் பூட்டினார் எனக் கூறுகின்றது. அப்போது லோராவுக்கு வயது நான்கு. வளர்ந்த பின் கேட்டறிந்ததையும் கற்பனையையும் சேர்த்தே அவர் அந்நூலை எழுதினார்.

1874இல் குடும்பம் மினசோட்டா மாநிலத்து வால்நட் குரோவ் என்னும் ஊரை அடைந்தது. ஓடைக்கரையில் மண்ணைக் குடைந்து அமைத்த குகைவீடொன்றே அவர்களின் முதல் இருப்பிடம். கோதுமை தலைசாய்த்து நின்ற வேளையில் வானை மறைத்துக்கொண்டு வெட்டுக்கிளிகள் இறங்கின. 1873 முதல் 1877 வரை அம்மாநிலத்தை வாட்டிய இக்கூட்டம் பயிரை மட்டுமன்றித் துணியையும் கருவிகளின் மரப்பிடிகளையும் கடித்தது. விளைச்சலை நம்பிக் கடன்பட்டிருந்த சார்ள்ஸ், அழிவு நேராத கிழக்குப் பகுதிக்கு நடந்தே சென்று அறுவடைக் கூலியாக உழைத்தார். அரசு வழங்கிய நிவாரண மாவைப் பெறுவதற்காக, தம்மிடம் பொருள் யாதும் இல்லை என்று உறுதிமொழிப் பத்திரத்திற் கையொப்பமிடவும் நேர்ந்தது. எவருக்கும் கடமைப்படாத தந்தையென மகள் போற்றிய மனிதர் அவர். ஆகவே அந்தக் கையொப்பம் நூலில் இடம்பெறவில்லை.

அந்நிலத்தையும் விற்றுவிட்டு அவர்கள் புறப்பட்ட வழியில், 1876ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பத்து மாதக் குழந்தையான ஒரே மகன் பிரெடரிக் இறந்தான். அயோவா மாநிலத்தில் பேர் ஓக் என்னும் சிற்றூரிலே தம்பதியர் ஒரு விடுதியில் வேலை செய்து பிழைத்தனர். 1877இல் அங்கு கடைசி மகள் கிரேஸ் பிறந்தாள். வாடகைப் பணம் தீர்க்க வழியின்றி அவ்வூரிலிருந்து ஓர் இரவில் வண்டியேறிச் சென்றதை லோரா தம் தன்வரலாற்றுக் குறிப்பில் ஒளியாது எழுதியுள்ளார். ஆனால் அயோவாவிற் கழிந்த அந்தக் காலமும் தம்பியின் மரணமும் சிறுவர் நூல்களிற் சொல்லாமலே விடப்பட்டன.

வால்நட் குரோவுக்கு மீண்ட குடும்பத்தை 1879இல் மற்றோர் இடி தாக்கியது. மூத்தவள் மேரி கடுங்காய்ச்சலுற்றுக் கண்பார்வையை இழந்தாள். செங்காய்ச்சலே இதற்குக் காரணமென நூலிற் கூறப்பட்டது; மூளையையும் அதன் உறையையும் தாக்கிய நுண்ணுயிர் நோயாகவே அது இருந்திருக்கலாமென 2013இல் மருத்துவ ஆய்வாளர் கருத்துத் தெரிவித்தனர். அன்றுதொட்டு லோரா அக்காளின் கண்ணானாள். காண்பவற்றையெல்லாம் சொல்லாக்கி அக்காளுக்குக் கூறுவது அவளின் நாளாந்தக் கடமையாயிற்று. பிற்காலத்து எழுத்தாளர் உருவானது இக்கடமையிலிருந்தே எனலாம்.

அவ்வாண்டிலேயே உறவினர் ஒருவர் மூலம் சார்ள்ஸுக்குப் புகையிரதப் பாதை அமைக்கும் முகாமிற் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பாதை டகோட்டாப் பிரதேசத்துக்குள் நீண்டது. டகோட்டா என்னும் பெயரும் முன்பு அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் பெயரே. 1880ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சார்ள்ஸ் புரூக்கிங்ஸ் நகரத்துக் காணி அலுவலகத்துக்குச் சென்று, டி ஸ்மெற் என்னும் புதிய ஊருக்கருகே 160 ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த காணியொன்றுக்குக் குடியேற்ற உரிமை பதிந்தார். மணமாகி இருபது ஆண்டுகளின் பின்னரே இத்தம்பதியர் அச்சட்டத்தின்படி ஒரு காணிக்குரியவராகும் வழியிற் காலடி வைத்தனர். இனி நகர்வதில்லை என்பது கரோலைன் கணவரிடம் பெற்ற வாக்குறுதி. பிள்ளைகள் பள்ளி செல்ல வேண்டும் என்பதே அந்த அம்மையாரின் ஒரே கோரிக்கை.

காணி கிடைத்த ஆண்டிலேயே இயற்கை அவர்களைச் சோதித்தது. 1880 ஒக்டோபர் நடுப்பகுதியில் எழுந்த முதற் பனிப்புயலோடு தொடங்கிய மாரிகாலம் அடுத்த ஆண்டு வசந்தம் வரை நீடித்தது. குடும்பம் காணியை விட்டு ஊருக்குள் சார்ள்ஸ் கட்டியிருந்த கட்டடத்திற் புகலடைந்தது. பனி மூடிய பாதையிற் புகையிரதங்கள் நின்றன. நிலக்கரி தீர்ந்தது, உலர்ந்த புல்லை முறுக்கி விறகாக்கினர். மா தீர்ந்தது, விதைக்கோதுமையைக் கோப்பி அரைக்கும் சிறு பொறியில் இட்டு, ஒருவர் மாறி ஒருவராக நாள்முழுதும் அரைத்தனர். ஊருக்கு வெளியே எங்கோ ஒரு கமக்காரரிடம் கோதுமை உள்ளதெனக் கேள்வியுற்று, உயிரைப் பணயம் வைத்துப் பனியிற் சென்று கொண்டுவந்த இளைஞர் இருவருள் ஒருவர் அல்மான்சோ வைல்டர். பின்னாளில் லோராவின் கணவரானவர் அவரே. புகையிரதங்கள் 1881ஆம் ஆண்டு மே மாதமளவிலேயே மீண்டும் வந்தன.

காணியின் விளைவு கைக்கும் வாய்க்கும் போதாதிருந்த அவ்வாண்டுகளிலே இக்குடும்பம் எடுத்த முடிவொன்று குறிப்பிடத்தக்கது. 1881இல் மேரியை அயோவா மாநிலத்து விண்டன் நகரிலிருந்த பார்வையற்றோர் கல்லூரிக்கு அனுப்பினர். கல்விக் கட்டணத்தைப் பிரதேச அரசு ஏற்றது. உடைக்கும் பயணத்துக்குமான செலவு குடும்பத்தின் தலையில் விழுந்தது. லோரா தையல் வேலை செய்தும், பதினாறு வயதில் ஆளரவமற்ற புல்வெளிப் பள்ளியொன்றிற் கற்பித்தும் அதில் ஒரு பங்கைத் தாங்கினாள். மேரி 1889இல் அங்கு படிப்பை முடித்தாள்.

1886இல் சார்ள்ஸ் தம் குடியிருப்பையும் உழவையும் சாட்சிகளோடு நிரூபித்தார். காணி அவருடையதாயிற்று. பந்தயத்தில் வென்றவர் அந்த வெற்றியை எத்தனை காலம் அனுபவித்தார்? மறு ஆண்டே ஊருக்குள் ஒரு வீட்டைத் தம் கையாற் கட்டத் தொடங்கினார். குடும்பம் அங்கு குடிபுகுந்தது. 1892இல் காணி விற்கப்பட்டது. வறட்சியும் கடனும் அப்புல்வெளியின் சிறு கமக்காரர் பலரை அவ்வாறே ஊருக்குத் துரத்தின. ஆண்டில் விழும் மழை கோதுமைக்குப் போதும் என்ற கணக்கே அங்கு தவறியது. கிழக்கு மாநிலங்களின் செழிப்பான நிலத்தில் ஒரு குடும்பத்துக்குப் போதுமான 160 ஏக்கர், வறண்ட மேற்கிற் போதாதென்பதை அரசு காலந்தாழ்த்தியே உணர்ந்தது. எஞ்சிய காலத்தைத் தச்சு வேலையிலும் ஊர்ப்பணிகளிலும் கழித்த சார்ள்ஸ் 1902இல் மறைந்தார். கரோலைன் 1924 வரை அவ்வூர் வீட்டிலேயே வாழ்ந்தார்.

பெண்மக்கள் நால்வரின் வரலாறும் அறியத்தக்கது. மேரி மணம் செய்யாது தாயோடு வாழ்ந்து 1928இல் இறந்தார். கேரி பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பழகியவர். தந்தையைப் போலவே தாமும் 1907இல் தென் டகோட்டாவின் மேற்கே தனியொரு பெண்ணாகக் குடியேற்றக் காணி பெற்றுச் சிறு குடிசையில் வாழ்ந்தார். பின்னர் மனைவியை இழந்த ஒருவரை மணந்து அவர் பிள்ளைகளை வளர்த்தார். அப்பிள்ளைகளுள் ஒருவர் ரஷ்மோர் மலையில் ஜனாதிபதிகளின் முகங்களைச் செதுக்கும் பணியிற் பங்குகொண்டார். கேரி 1946இல் மறைந்தார். கிரேஸ் ஆசிரியையாகி, அயலூர்க் கமக்காரர் ஒருவரை மணந்து, 1941இற் காலமானார். அவர் வாழ்ந்த மான்செஸ்டர் என்னும் சிற்றூர் 2003ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வீசிய சுழற்காற்றால் அழிந்துபோயிற்று. கேரிக்கும் கிரேசுக்கும் வயிற்றிற் பிறந்த பிள்ளைகள் இல்லை.

லோரா 1885இல் அல்மான்சோவை மணந்தார். அவருக்கும் குடியேற்றக் காணி இருந்தது. மரம் நட்டு வளர்ப்பதாக ஒப்புக்கொண்டு பெற்ற வேறொரு காணியும் இருந்தது. நான்கே ஆண்டுகளில் எல்லாம் சரிந்தன. வறட்சி பயிரைக் கொன்றது. தொண்டைக்கரப்பான் நோய் இருவரையும் பற்றி, அல்மான்சோவின் நடையை நிரந்தரமாகத் தளர்த்தியது. 1889இற் பிறந்த ஆண்குழந்தை பெயரிடுமுன்னரே இறந்தது. அதே மாதத்தில் வீடும் எரிந்தது. 1894இல் அவர்கள் ஏழு வயது மகள் ரோசுடன் வண்டியேறித் தெற்கே மிசூரி மாநிலத்து மான்ஸ்பீல்ட் ஊரை அடைந்து, 40 ஏக்கர் கல்லும் காடுமான நிலத்தை வாங்கினர். அது இலவச நிலமன்று. சேமித்த பணத்தால் வாங்கியது. ஆனால் இரண்டு தலைமுறை தேடிய நிலைபேறு அங்கேதான் கிட்டியது. ஆப்பிள் தோட்டமும் கோழிப்பண்ணையுமாக வளர்ந்த அக்கமத்திலே அல்மான்சோ 1949 வரையும் லோரா 1957 வரையும் வாழ்ந்தனர்.

பண்ணைப் பத்திரிகையொன்றிற் கட்டுரை எழுதிப் பழகிய லோரா, தம் 65ஆம் வயதில், 1932இல், பெப்பின் காட்டுவீட்டைப் பற்றிய முதற் சிறுவர் நூலை வெளியிட்டார். 1943 வரை எட்டு நூல்கள் வந்தன. அவற்றைச் செப்பனிட்டதிற் பெரும்பங்கு மகள் ரோஸ் வைல்டர் லேனுடையது. பெயர்பெற்ற பத்திரிகையாளராகிய ரோஸ், அதே குடும்ப வரலாற்றிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு 1938இல் ‘இலவச நிலம்’ என்னும் பெயரில் நாவலொன்றையும் எழுதினார். இலவசமெனப் பெற்ற நிலத்துக்கு மக்கள் கொடுத்த விலை எத்தகையது என்பதே அதன் உட்பொருள். ரோசின் ஒரே குழந்தையும் பிறப்போடு மடிந்தது. 1968இல் ரோஸ் இறந்தபோது சார்ள்ஸ் - கரோலைன் தம்பதியரின் குருதிவழி முற்றாக அற்றது.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. வழித்தோன்றல்களுக்காகவே தேடிய காணி கைமாறிற்று, வழித்தோன்றலும் இல்லாதொழிந்தனர். அவ்வாறாயின் எஞ்சியது யாது? எஞ்சியது ஒரு குடும்பத்தின் நினைவு. அந்நினைவு பிழையற்றதன்று. கன்சாஸ் பற்றிய நூலின் முதற்பக்கத்தில், அங்கு மக்கள் இல்லை, இந்தியரே இருந்தனர் என்னும் பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. இந்தியர் மக்களல்லரோ என்று 1952இல் வாசகர் ஒருவர் பதிப்பகத்தாருக்கு எழுதினார். எண்பத்தைந்து வயதை அடைந்திருந்த லோரா அதைத் தம் பிழையென ஒப்புக்கொண்டார். ‘மக்கள்’ என்ற சொல் ‘குடியேறியோர்’ என மாற்றப்பட்டது. ஒரு சொல் மாறியதால் ஓசேஜ் மக்களுக்கு நிலம் மீளவில்லை. ஆயினும் அந்நிலம் யாருடையதாக இருந்ததென்ற கேள்வி அன்று திறந்த கதவு பின்னர் மூடவில்லை. 2018இல் அமெரிக்க நூலகர் சங்கமொன்று, அவர் பெயரால் வழங்கிவந்த சிறுவர் இலக்கிய விருதின் பெயரை மாற்றியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2014இல், நூல்களில் ஒளித்தவற்றையும் கூறும் அவருடைய தன்வரலாறு அச்சேறியது.

குடியேற்றக் காணிச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 16 இலட்சம் பேருக்கு 27 கோடி ஏக்கர் நிலம் உரிமையாயிற்று. இது அந்நாட்டின் மொத்தப் பரப்பிற் பத்திலொரு பங்கு. 1976இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. அந்த எண்களுக்குள்ளே எத்தனை வெட்டுக்கிளி ஆண்டுகள், எத்தனை குழந்தைகளின் புதைகுழிகள், எத்தனை பழங்குடியினரின் இடப்பெயர்வுகள் அடங்கியுள்ளன என்பதை எண்கள் கூறமாட்டா. ஒரு குடும்பத்தின் வரலாற்றை முழுமையாக, வென்றதையும் தோற்றதையும் பிறரிடமிருந்து எடுத்ததையும் சேர்த்துப் படிக்கும்போதே அது தெரியவரும்.

சார்ள்ஸ் எந்த வண்டியில் ஏறினாலும் உடன் எடுத்துச் சென்ற பொருள் ஒன்றுண்டு. அது அவருடைய பிடில் வாத்தியம். கன்சாஸ் புல்வெளியிலும், வெட்டுக்கிளி தின்ற வயலருகிலும், பனி சூழ்ந்த ஊரிலும் இரவுதோறும் அதை மீட்டிப் பிள்ளைகளைத் தூங்கவைத்தார். அவர் பெற்ற காணி பிறர் கைக்குச் சென்றது. அந்தப் பிடில் மட்டும் மகள் கைக்கு வந்து, மான்ஸ்பீல்ட் நினைவில்லத்திற் பேணப்பட்டு வருகின்றது.